கூடி ஆக்கும் ஆட்டம்

நுழையும்முன்

விளையாட்டை ஆடுவதில் இன்பம் உண்டு. அதைப் பலரோடு கூடி உருவாக்குவதில் இன்பத்தோடு கல்வியும் உண்டு. ஓவியம் வரைபவரும் கணக்கில் தேர்ந்தவரும் கதை சொல்பவரும் ஊரின் வழக்கம் அறிந்தவரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரே பொருளைச் செய்ய வாய்ப்பளிப்பது கணினி விளையாட்டு மன்றம். அத்தகைய மன்றம் எவ்வாறு இயங்குகிறது, அதில் சேரும் மாணவர் எதைக் கற்கிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆட்டத்தின் உயிர் விதி

பழங்கோவில் மண்டபங்களின் கல்தரையில் முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாய் ஒரு வடிவம் செதுக்கப்பட்டிருப்பதை நாம் பார்த்திருக்கலாம். அஃது ஆடுபுலி ஆட்டத்தின் களம். பரவலாக ஆடப்படும் முறையில் புலிகள் 3, ஆடுகள் 15. கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. அருகிலுள்ள ஆட்டைத் தாண்டி, அதற்கு அப்பாலுள்ள வெற்றிடத்தில் குதிக்க முடிந்தால் புலி அவ்வாட்டை வெட்டிவிடும். ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் இல்லை. ஆனால், ஆடுகள் ஒன்றையொன்று நெருங்கி நின்று புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் அவையே வென்றவை ஆகும்.

இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. இருதரப்பின் வலிமையும் சமமன்று. ஆயினும் இருதரப்புக்கும் வெல்ல வழி இருக்கிறது. புலி ஒன்று கூடினாலோ ஆடுகள் ஐந்து குறைந்தாலோ ஆட்டம் சுவையிழந்துவிடும். இந்த எண்ணிக்கையைக் கண்டறிந்தவர் யாரென்று எந்த நூலும் கூறவில்லை. ஆடிப் பார்த்து, குறை கண்டு, திருத்தி, மீண்டும் ஆடிய பல தலைமுறையினரே அதன் ஆசிரியர்கள்.

கல்லில் கீறிய களமானாலும் கைப்பேசித் திரையானாலும் விளையாட்டின் உயிர் விதியில்தான் இருக்கிறது. திரையில் தோன்றும் வண்ணமும் ஒலியும் அவ்விதிக்கு அணிந்த ஆடை. விதியை வகுத்தல், அதை ஆடிப் பார்த்தல், திருத்துதல் என்னும் மூன்று செயல்களையும் பலர் சேர்ந்து செய்யும் இடமே விளையாட்டு மன்றம்.

தொடர்வண்டி மன்றத்தில் தோன்றிய விண்வெளிப் போர்

கணினி விளையாட்டின் வரலாற்றில் பெரும் திருப்பம் ஒரு மாணவர் மன்றத்தைச் சுற்றியே நிகழ்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாதிரித் தொடர்வண்டி மன்றம் என்றொரு மாணவர் அமைப்பு இருந்தது. சிறிய தொடர்வண்டிகளையும் தண்டவாளங்களையும் அமைத்து ஓட்டுவது அதன் பொழுதுபோக்கு. உறுப்பினருள் ஒரு சாரார் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டி, ஊர்களையும் மலைகளையும் வடித்தனர். மற்றொரு சாரார் மேடையின் அடியில் நுழைந்து, தொலைபேசி நிலையங்களில் பயன்படும் மின் இணைப்பிகளைக் கொண்டு வண்டிகளின் போக்கை இயக்கும் அமைப்பை உருவாக்கினர். பின்னவரின் ஆர்வம் கணினியின் பக்கம் திரும்பியது.

1961ஆம் ஆண்டு அந்நிறுவனத்துக்குப் பிடிபி-1 என்னும் கணினி நன்கொடையாக வந்தது. அதன் அடிப்படை நினைவகம் 4,096 சொற்களைக் கொண்டது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 9 கிலோபைட். நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் அடக்க இயலாது. ஆனால், அக்காலக் கணினிகளிடம் அரிதாகவே காணப்பட்ட ஒன்று அதனிடம் இருந்தது. ஒளிப்புள்ளிகளால் உருவம் காட்டும் வட்டத் திரை. அத்திரையின் ஆற்றலைக் காட்ட என்ன செய்யலாம் என்று ஸ்டீவ் ரஸ்ஸல், மார்ட்டின் கிரேட்ஸ், வெய்ன் விட்டானன் ஆகிய மூவரும் கூடிப் பேசினர். விண்வெளிக் கதைகளில் தோய்ந்த அவர்கள், இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் ஆட்டம் ஒன்றை எண்ணினர்.

எண்ணியதை நிரலாக எழுதும் பணி ரஸ்ஸலிடம் வந்தது. அவர் உடனே தொடங்கவில்லை. கலங்கள் திரும்பும் கோணத்தைக் கணிக்கச் சைன், கொசைன் மதிப்புகளைத் தரும் நிரல்பகுதி வேண்டும். அது தம்மிடம் இல்லை என்று காலம் கடத்தினார். மன்றத்தைச் சேர்ந்த ஆலன் கோட்டாக், கணினியை உருவாக்கிய நிறுவனத்துக்கே சென்று அந்நிரல்பகுதி பதிந்த காகித நாடாவைப் பெற்று வந்து அவர் முன் வைத்தார். அதன்பின் தட்டிக்கழிக்க வழியில்லை. 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு கலங்களும் திரையில் பறந்தன. அவ்வாட்டத்தின் பெயர் 'ஸ்பேஸ்வார்'. அதாவது, விண்வெளிப் போர்.

ஒருவர் தொடங்க, பலர் தொடர

ரஸ்ஸல் எழுதியது ஆட்டத்தின் தொடக்கம் மட்டுமே. அவர் தம் நிரலைப் பூட்டி வைக்கவில்லை. நிரல் பதிந்த காகித நாடா அனைவர் கைக்கும் எட்டும் இடத்தில் இருந்தது. அதை எடுத்து இயக்கியவர் ஒவ்வொருவரும் ஒரு குறையைக் கண்டனர். கண்டவரே அதைத் தீர்க்கவும் முன்வந்தனர்.

திரையின் பின்னணியில் ரஸ்ஸல் மனம்போன போக்கில் விண்மீன்களைத் தூவியிருந்தார். பீட்டர் சாம்சனுக்கு அது பொறுக்கவில்லை. விண்மீன் அட்டவணையைப் பார்த்து, உண்மையான விண்மீன்களை அவற்றிற்குரிய இடத்தில் அவற்றிற்குரிய ஒளி வேறுபாட்டோடு திரையில் தோன்றச் செய்தார். அதற்கு 'விலைமிகுந்த கோளரங்கம்' என்று விளையாட்டாகப் பெயரும் இட்டார். கலங்கள் தடையின்றி மிதப்பதால் திறமைக்கு வேலை குறைவு என்று டான் எட்வர்ட்ஸ் கருதினார். அவர் திரையின் நடுவே ஒரு சூரியனை வைத்து, அதற்கு ஈர்ப்பு விசையையும் அளித்தார். அதன்பின் சூரியனில் விழாமல் கலத்தைச் செலுத்துவதே ஒரு கலையாயிற்று. இக்கட்டில் சிக்கியவர் தப்பிக்கும் வழியைக் கிரேட்ஸ் சேர்த்தார். ஒரு விசையை அழுத்தினால் கலம் மறைந்து, எங்கென்று அறியாத வேறோர் இடத்தில் தோன்றும்.

இன்னுமொரு குறை திரைக்கு வெளியே இருந்தது. கணினியின் முகப்பிலிருந்த சிறு விசைகளை நெடுநேரம் இயக்கியவர்களுக்கு முழங்கை வலித்தது. மேலும், இருவருள் ஒருவருக்கே திரை நன்கு தெரிந்தது. கோட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் தொடர்வண்டி மன்றத்தின் அறையில் கிடந்த மரத்துண்டுகளையும் விசைகளையும் கொண்டு தனித்தனிக் கைப்பெட்டிகளைச் செய்தனர். இன்று நாம் பயன்படுத்தும் விளையாட்டுக் கைக்கருவிகளின் முன்னோடிகளாக அவற்றைக் கருதலாம்.

1962 மே மாதம் நிறுவனம் பொதுமக்களுக்குத் தன் கதவைத் திறந்தபோது இவ்வாட்டம் அனைவர் பார்வைக்கும் வைக்கப்பட்டது. பின்னர் அது மற்றப் பல்கலைக்கழகங்களின் கணினிகளுக்கும் பரவியது. 1971ஆம் ஆண்டு, காசு போட்டு ஆடும் 'கேலக்சி கேம்', 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்னும் இரு கருவிகள் அமெரிக்காவில் தோன்றின. இரண்டுக்கும் மூலம் இம்மன்றத்தாரின் ஆட்டமே.

இந்த வரலாற்றில் நாம் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்று. ரஸ்ஸல் தம் ஆட்டம் குறையற்றதாகும் வரை அதை மறைத்து வைத்திருந்தால் விண்மீன்களும் சூரியனும் கைப்பெட்டியும் அதனுடன் சேர்ந்திரா. முடியாத வேலையைப் பிறர் கையில் கொடுக்கும் துணிவும், பிறர் வேலையை மதித்துத் தொடரும் பண்புமே ஒரு மன்றத்தை மன்றமாக்குகின்றன.

தெரியுமா?

பிடிபி-1 கணினி ஒன்று செப்பனிடப்பட்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1962இல் உருவான விண்வெளிப் போர் ஆட்டம் அதில் இயங்குவதைப் பார்வையாளர்கள் காணலாம்.

திரைக்குப் பின்னால்

கணினி விளையாட்டு இயங்கும் முறை, தோற்றத்தைக் காட்டிலும் எளியது. கணினி மூன்று வேலைகளை இடைவிடாமல் சுழற்சியாகச் செய்கிறது. முதலாவது, ஆடுபவர் எந்த விசையை அழுத்தினார் என்று பார்க்கிறது. இரண்டாவது, விதிகளின்படி களத்தின் நிலையை மாற்றுகிறது. கலம் நகர்ந்ததா, குண்டு பட்டதா, புள்ளி கூடியதா என்று கணக்கிடுகிறது. மூன்றாவது, மாறிய நிலையைப் படமாகத் திரையில் வரைகிறது. பல விளையாட்டுகளில் இச்சுழற்சி நொடிக்கு 60 முறை நிகழ்கிறது. அவ்வாறெனில் ஒரு சுழற்சிக்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கே. அசைவற்ற படங்கள் விரைந்து மாறுவதால் நம் கண்ணுக்கு அவை ஓட்டமாகத் தோன்றுகின்றன.

இவ்விளக்கத்தில் நிரலாக்கத்தின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. அதன் எல்லையும் தெரிகிறது. எந்த விசைக்கு என்ன பயன் என்று முடிவுசெய்வது நிரலன்று. களம் எப்படி இருக்கவேண்டும், ஆடுபவர் எதை எண்ணி வருந்தவேண்டும், எதை எண்ணி மகிழவேண்டும் என்பவற்றை மனிதரே முடிவுசெய்கின்றனர். ஆகவே, "எனக்கு நிரல் எழுதத் தெரியாது, நான் சேர்ந்து என்ன பயன்?" என்று தயங்கவேண்டியதில்லை. விதி வகுப்பவர், படம் வரைபவர், ஒலி சேர்ப்பவர், உரையாடல் எழுதுபவர், ஆடிப் பார்த்துக் குறை சொல்பவர் ஆகிய அனைவருக்கும் மன்றத்தில் இடமுண்டு. நிரல் எழுதவும் அங்கேயே பழகலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'ஸ்கிராச்' மென்பொருளில் கட்டளைகளை வண்ணக் கட்டைகளைப் போல் அடுக்கியே விளையாட்டை உருவாக்கலாம். அடுத்த படிக்குச் செல்ல விரும்புவோர்க்கு 'கோடோ' போன்ற கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

சமையலறையும் ஆட்டக்களமாகும்

விண்கலமும் போரும்தாம் விளையாட்டுக்கு உரிய பொருள் என்று எண்ணவேண்டா. கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு 2023ஆம் ஆண்டு 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். வெண்பாவிடம் அவள் தாய் கொடுத்த பழைய சமையற்குறிப்பேடு இருக்கிறது. அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் கறைபட்டும் உள்ளன. இட்லித் தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முன்னே இடுவது என்பவற்றை எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு ஆடுபவர் உய்த்துணரவேண்டும்.

இவ்வாட்டத்தில் எதிரி இல்லை, சுடுதலும் இல்லை. அழிந்துபோன எழுத்தை மீட்பதே ஆட்டத்தின் விதி. புலம்பெயர்ந்த குடும்பம் தன் மொழியையும் சுவையையும் இழக்காதிருக்கப் படும் பாடு அவ்விதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் வழங்கும் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வெண்பா பெற்றது. இட்லி அவிப்பது எப்படி என்று அறியாத நாட்டினரும் அதை ஆடி மகிழ்ந்தனர். தம் வீட்டில் தாம் கண்டதை உண்மையாகச் சொல்பவரின் குரல் தொலைவுக்கும் கேட்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஜெயமங்கலத்தில் ஒரு மன்றம்

இனி, நம் மண்ணுக்கு வருவோம். தேனி மாவட்டத்தில், பெரியகுளம் வட்டத்தில், வராக நதியையொட்டி அமைந்த ஊர் ஜெயமங்கலம். மேற்குமலையில் தோன்றிச் சோத்துப்பாறை அணையில் தேங்கி, பெரியகுளம் வழியாக வந்து இவ்வூரைக் கடந்து வையையில் கலக்கிறது அந்நதி. அதன் நீரால் நெல் விளைகிறது. இவ்வூரில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் பன்னிருவர் கூடி விளையாட்டு மன்றம் ஒன்றைத் தொடங்குவதாகக் கொள்வோம். அவர்களிடம் இருப்பவை பள்ளியின் கணினி ஆய்வகமும் சனிக்கிழமைப் பிற்பகல்களும் மட்டுமே.

முதற்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தாம் ஆடிய பெரிய விளையாட்டுகளைப் போன்ற ஒன்றைச் செய்யலாம் என்பர். அத்தகைய விளையாட்டுகளை நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்குகின்றனர் என்று அறிந்ததும் அவை சோர்வுறும். அப்போது ஒரு மாணவி, தம் தாத்தா வயலுக்கு நீர் பாய்ச்சும்போது எழும் வழக்கைச் சொல்கிறார். வாய்க்காலின் தொடக்கத்தில் இருப்பது தலைமடை. இறுதியில் இருப்பது கடைமடை. தலைமடைக்கு நீர் எளிதில் கிடைக்கும். கடைமடைக்கு அது போய்ச் சேருவதற்குள் ஒரு பங்கு மண்ணில் இறங்கிவிடும். யாருக்கு எப்போது மடை திறப்பது என்பதே நாள்தோறும் எழும் கேள்வி. "இதையே ஆட்டமாக்கினால் என்ன?" என்று ஒருவர் கேட்கிறார். மன்றத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டது.

புளியங்கொட்டையால் ஒரு முன்மாதிரி

மன்றத்தினர் உடனே கணினியைத் தொடுவதில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வாய்க்காலையும் அதன் கரையில் நான்கு வயல்களையும் வரைகின்றனர். புளியங்கொட்டைகள் நீராகின்றன. விதிகளை ஒரு தாளில் எழுதுகின்றனர்.

நாள்தோறும் வாய்க்காலில் 6 பங்கு நீர் வரும். ஒரு வயல் நனைய 2 பங்கு வேண்டும். கடைமடை வயலுக்கு மடை திறக்கும் நாளில் மட்டும் 1 பங்கு வழியிலேயே வீணாகும். மிஞ்சிய நீர் மறுநாளுக்கு வராது. நனைந்த வயல் ஒவ்வொன்றுக்கும் அன்று ஒரு புள்ளி. ஆட்டம் 30 நாள் நடக்கும்.

இவ்வளவுதான் ஆட்டம். கால்மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். பிடிக்காத விதியை அழித்து வேறொன்றை எழுத ஒரு நிமிடம் போதும். இதையே நிரலாக எழுதியபின் மாற்றினால் ஒரு வாரம் ஆகும். தொழில்முறையில் விளையாட்டு செய்வோரும் தாளிலும் அட்டையிலும் முன்மாதிரி செய்து பார்ப்பது இதனால்தான்.

பிறர் ஆடப் பார்த்தல்

அடுத்த சனிக்கிழமை, இம்மன்றத்தைச் சேராத மாணவர்களை அழைத்து ஆடச் செய்கின்றனர். இவ்வேளையில் மன்றத்தினர் காக்கவேண்டிய நெறி ஒன்றுண்டு; வாய் திறவாமை. "அங்கே வை", "இப்படி ஆடு" என்று வழிகாட்டக்கூடாது. விளையாட்டு வெளியே சென்றபின் ஆடுபவர் அருகில் அதை ஆக்கியவர் அமர்ந்திருக்கமாட்டார் அல்லவா? ஆடுபவர் எங்கே விழிக்கிறார், எங்கே சலிக்கிறார், எதைத் தவறாக உணர்கிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்வதே அவர்கள் பணி.

ஆடியவர்களுள் மூவர் நான்கு வயல்களுக்கும் நீரைச் சமமாகப் பகிர முயன்று 72 புள்ளி பெறுகின்றனர். ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் 90 புள்ளி பெறுகிறான். எப்படி? முதல் நாளே கடைமடையை மூடிவிட்டான். நீர் வீணாகவில்லை, மூன்று வயல்களும் முப்பது நாளும் நனைந்தன. நான்காம் வயல் காய்ந்து கிடக்கிறது. ஆனால், விதிப்படி அவனே வென்றவன்.

மன்றம் அதிர்கிறது. சிறுவன் செய்தது தவறா? இல்லை, அவன் விதியை மீறவே இல்லை. தவறு விதியில் இருக்கிறது. "கடைமடையைக் கைவிடுக, பரிசு பெறுக" என்று தாமே எழுதி வைத்திருப்பதை அவர்கள் அப்போதுதான் உணர்கின்றனர். நீண்ட வாதத்துக்குப்பின் புள்ளி கணக்கிடும் விதியை மாற்றுகின்றனர். நான்கு வயல்களுள் எது மிகக் குறைந்த நாள்கள் நனைந்ததோ, அவ்வயலின் புள்ளியே ஊரின் புள்ளி. இப்புதிய விதியின்படி அச்சிறுவனின் ஆட்டத்துக்குக் கிடைப்பது சுழியம். சமமாகப் பகிர்ந்தவர்க்குக் கிடைப்பது 18. அதுவே பெறத்தக்க உச்சம்.

ஒரு வரி மாறியதும் ஆட்டத்தின் அறமே மாறிவிட்டது. விதி செய்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் அரிது. சட்டம், தேர்வு, பங்கீடு என வாழ்வின் பல துறைகளிலும் நாம் விதிகளுக்குள் இயங்குகிறோம். எந்த விதி யாருக்குப் பரிசளிக்கிறது, யாரைக் காயவிடுகிறது என்று கேட்கும் பழக்கம், விளையாட்டு மன்றத்தில் அமர்ந்து ஓர் ஆட்டத்தைத் திருத்தியவருக்கு எளிதில் வந்துவிடும்.

சிறிதாயினும் முழுமை

தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். புதிய மன்றங்கள் பல கலைந்துபோவதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. அளவு மீறிய ஆசை. இதற்கு மருந்தாக உலகெங்கும் ஒரு வழக்கம் வளர்ந்துள்ளது. குறுகிய காலத்துக்குள் ஒரு விளையாட்டைத் தொடங்கி முடிக்கும் ஆக்கத் திருவிழாக்களே அவை. 2002இல் தொடங்கிய 'லுடும் டேர்', 2009 ஜனவரியில் முதன்முதலாக நடைபெற்ற 'குளோபல் கேம் ஜாம்' ஆகியன இவ்வகையின. பின்னதில் பல நாட்டு மாணவர்களும் கலைஞர்களும் தத்தம் ஊரில் கூடுவர். ஒரு கருப்பொருள் அறிவிக்கப்படும். குறித்த காலத்துக்குள் அதை ஒட்டிய விளையாட்டு ஒன்றை முடிப்பர். காலம் குறைவாதலால் இன்றியமையாதது எது, நீக்கத்தக்கது எது என்று முடிவெடுக்கப் பழகுகின்றனர்.

ஜெயமங்கலத்து மன்றமும் இதைப் பின்பற்றலாம். மழை, பூச்சி, சந்தை விலை என்று எத்தனையோ சேர்க்கத் தோன்றும். அவற்றைத் தனித்தாளில் எழுதி வைத்துவிட்டு, நான்கு வயல்களும் ஒரு வாய்க்காலும் கொண்ட ஆட்டத்தை முதலில் முடிக்கவேண்டும். முடித்த சிறு விளையாட்டு அடுத்ததற்கு ஏணியாகும். முடியாத பெரு விளையாட்டு தலைக்குச் சுமையாகும்.

பெயரும் பங்கும்

கூடிச் செய்யும் வேலையில் மனத்தாங்கல் எழுவது இயல்பு. அவற்றுள் பெரும்பான்மை, யார் எதைச் செய்தார் என்பது பற்றியதே. 1970களில் அட்டாரி நிறுவனம் தன் விளையாட்டுகளில் ஆக்கியோர் பெயரை வெளியிடவில்லை. அங்குப் பணியாற்றிய வாரன் ராபினெட், 1980இல் வெளிவந்த 'அட்வென்ச்சர்' என்னும் விளையாட்டில் எளிதில் எட்டமுடியாத மறைவறை ஒன்றை அமைத்து, அதில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். விளையாடிய சிறுவன் ஒருவனே அதைக் கண்டறிந்தான். உழைத்தவர் தம் பெயரை ஒளித்துவைக்க நேர்வது அந்த அமைப்புக்குப் பெருமையன்று.

எனவே, மன்றம் தொடங்கும் நாளிலேயே ஒரு குறிப்பேடு தொடங்கவேண்டும். அன்றன்று யார் எதை வரைந்தார், எந்த விதியை யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பன அதில் இடம்பெறவேண்டும். ஒருவர் செய்ததை மற்றவர் திருத்துமுன் பழைய படியைப் பாதுகாத்து வைப்பதும் தேவை. திருத்தம் பிழையானால் திரும்பிச் செல்ல வழி இருக்கும். ஆட்டத்தின் இறுதித் திரையில் அனைவர் பெயரும் தோன்றவேண்டும். ஆடிப் பார்த்துக் குறை காட்டிய அந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுவனின் பெயரும்தான்.

அச்சமும் தெளிவும்

"எந்நேரமும் கைப்பேசியில் ஆட்டமா?" என்று வீட்டில் எழும் குரலைப் பழிக்க இயலாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2022 முதல் நடைமுறையிலுள்ள தன் நோய் வகைப்பாட்டில், விளையாட்டின்மீது கட்டுப்பாடு இழந்து வாழ்வின் மற்றக் கடமைகளைக் கைவிடும் நிலையை ஒரு கோளாறாகச் சேர்த்துள்ளது. பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளால் குடும்பங்கள் சிதைவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் சட்டம் இயற்றியது. 2025இல் ஒன்றிய அரசும் அத்தகைய ஆட்டங்களைத் தடைசெய்தது.

இவ்வச்சத்துக்கு மன்றம் ஒரு விடையாகவும் அமையும். ஆடுபவரை எழவிடாமல் இருத்திவைக்கும் விதிகள் தற்செயலாகத் தோன்றியவை அல்ல; அவற்றை யாரோ வகுத்திருக்கின்றனர். நாளும் வரச்செய்யும் பரிசு, இன்னும் ஒருமுறை என்று தூண்டும் தோல்வி, காசு கொடுத்தால் திறக்கும் கதவு ஆகியவற்றின் உள்ளமைப்பை ஆக்கிப் பார்த்தவர் அறிவார். வலையை முடையத் தெரிந்தவர் வலைக்கண்ணையும் அறிவார் அல்லவா? ஆடுவதற்கு மட்டுமே திரையை நோக்கியவர், ஆக்கும்போது அதே திரையை ஆராய்ந்து நோக்குகிறார்.

நிறைவாக

மாதிரித் தொடர்வண்டியின் மேடையடியில் மின்கம்பிகளோடு தவழ்ந்த மாணவர்கள், தாம் ஒரு புதிய கலையின் தொடக்கத்தில் நிற்பதை அன்று அறிந்திரார். ஒருவர் தம் முடியாத வேலையைக் காட்டினார். மற்றவர்கள் அதை மேலும் வளர்த்தனர். ஆடுபுலிக் களத்தைக் கல்லில் கீறிய நம் முன்னோரும் அவ்வாறே செய்தனர். கருவி மாறியிருக்கிறது, வழி மாறவில்லை.

பள்ளியில் ஒரு கணினியும் ஊரில் ஒரு வாய்க்காலும் இருந்தால் மன்றம் தொடங்கப் போதும். கணினி தெரிந்தவர் கணினியைக் கொண்டுவரட்டும். வாய்க்கால் தெரிந்தவர் வாய்க்காலைக் கொண்டுவரட்டும். இருவரும் ஒரே தரையில் அமர்ந்து முதற்கோட்டை வரையும்போது ஆட்டம் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. ஆடுபுலி ஆட்டத்தில் ஒரே ஒரு விதியை மாற்றி நண்பருடன் மும்முறை ஆடுக. எத்தரப்புக்கு வாய்ப்பு மிகுந்தது என்று பதிவுசெய்க.

2. பாடத்தில் கூறப்பட்ட மடை ஆட்டத்தைப் புளியங்கொட்டை கொண்டு ஆடுக. புதிய விதியில் 18 புள்ளியே உச்சம் என்பதைக் கணக்கிட்டு நிறுவுக.

3. உங்கள் ஊரின் தொழில், சந்தை, திருவிழா ஆகியவற்றுள் ஒன்றைப் பொருளாகக் கொண்டு, ஐந்து விதிகளுக்கு மேற்படாத ஆட்டம் ஒன்றை வகுத்து வகுப்பறையில் விளக்குக.

4. "விதியை மீறாமல் செய்யப்படும் செயல் எப்போதும் அறமாகுமா?" என்னும் தலைப்பில் மடை ஆட்டத்தைச் சான்றாகக் கொண்டு சொற்போர் நிகழ்த்துக.